கீழே யாரும் குடியில்லை

ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, ரொட்டியின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி அடுக்கிக்கொண்டே ஹால்வார் ஒரு பிரகடனம் செய்தார்.

"நம்ம குளியலறையை நானே இடிச்சு, நானே கட்டப் போறேன்."

மனைவி இங்குன் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினாள். "முதல் பாதி உன்னால முடியும்."

நார்வேயின் பெர்கன் நகரில் வெளியே மழை பெய்வது செய்தியே இல்லை. ஆனால் ஹால்வார் சலவை இயந்திரத்துக்குக் குழாய் மாட்டிய அன்று, கீழ் வீட்டுக்குள்ளும் மழை பெய்தது. கீழ் வீட்டு ஓஸ்லாக் அம்மாள் குடை பிடித்துக்கொண்டு மீன் வறுத்தார். அது பழைய கதை என்பது ஹால்வாரின் கட்சி. போன மார்ச் மாதம் என்பது ஓஸ்லாக்கின் கட்சி.

பிரகடனத்துக்குக் காரணம் ஆபீஸ் சாப்பாட்டு மேசை. அங்கே அவரைத் தவிர எட்டுப் பேர். எட்டுப் பேரும் தங்கள் குளியலறையைத் தாங்களே கட்டிய வீரர்கள். செல்போனில் படம் காட்டுவார்கள். ஹால்வாரிடம் காட்ட இருந்தது பூனைப் படம் மட்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஆகஸ்ட் கடைசியில எல்லாரும் வாங்க, என் கைவேலையைப் பாருங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

ஆகவே திட்டம் தீட்டினார். இரண்டு வாரம் தீட்டினார். கட்டம் போட்ட தாளில் நீல மையில் ஒரு குளியல் தொட்டி உருவாயிற்று. அவர் கால் நீட்டிப் படுக்க வசதியான தொட்டி.

இங்குன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தொட்டி இங்க இருந்தா கதவு எப்படித் திறக்கும்?"

"வெளிப்பக்கமா திறக்கும்."

"வெளியே துணி அலமாரி இருக்கே?"

"அதை நகர்த்திடலாம்."

"எங்க?"

ஹால்வார் தாளின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். "குளியலறைக்குள்ள இடம் இருக்கு."

"பிரமாதம், எஞ்சினியர் ஐயா."

செய்தி மாடிப்படி வழியாகக் கீழே இறங்கியது. ஓஸ்லாக் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"ஹால்வார், எங்க தம்பி முப்பது வருஷம் டைல்ஸ் ஒட்டினவன். ரிட்டயர் ஆகி எங்க வீட்டுலதான் சும்மா உட்கார்ந்திருக்கான். வேணும்னா..."

"வேண்டாங்க. அவர் நிம்மதியா ஓய்வெடுக்கட்டும்."

"அவன் எடுத்துடுவான். எனக்குத்தான் ஓய்வு போச்சு."

அன்று மாலை இங்குன் மிக இனிமையாகப் பேசினாள். அதுவே ஹால்வாரை எச்சரித்திருக்க வேண்டும்.

"பெரிய வேலைக்கு முன்னாடி சின்னதுல கை பழகு. நம்ம மலை வீட்டுக் கக்கூஸ் இருக்குல்ல? அதைப் புதுப்பி. ஜூலை முழுக்க உனக்கு லீவு. எனக்கு ஆஸ்பத்திரியில ஆகஸ்டுலதான் லீவு தராங்க."

"அது வெறும் குழி. மேல பலகை. தண்ணிக் குழாய்கூடக் கிடையாது!"

"அதான் சொல்றேன். கீழே யாரும் குடியில்ல."

ஹால்வார் யோசித்தார். இதில் சூழ்ச்சி உண்டா? அவருக்குத் தெரியாமல் ஆள் வைத்து வேலையை முடித்துவிடுவாளோ? முடியாது. ஜூலையில் நார்வேயில் சுத்தியல்கூட விடுமுறையில் போய்விடும்.

"ஜூலையில உனக்கு ஒரு ஆளும் கிடைக்காது, தெரியுமில்ல?" என்றார், கண்ணைச் சிமிட்டி.

"அதானே," என்றாள் இங்குன்.

மலையில் ஹால்வார் உழைத்தார். நான்கடிக்கு நான்கடி தரைக்கு மூன்று வாரம். முதல் வாரம் டைல்ஸ் ஒட்டவில்லை. இரண்டாம் வாரம் அவரது கால்சட்டையோடு ஒட்டியது. கதவைத் தலைகீழாக மாட்டியதில், அதில் காற்றுக்காக வெட்டியிருந்த இதய வடிவ ஓட்டை கவிழ்ந்துகொண்டது. போகிற வருகிற மலையேறிகளிடம் "இப்ப இதுதான் ஃபேஷன்" என்றார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, புதர் பக்கம் போனார்கள்.

ஜூலை முப்பத்தொன்று. சுத்தியலும் உளியுமாக வீடு திரும்பிய ஹால்வார், இடிப்பதற்காகக் குளியலறைக் கதவைத் திறந்தார். கதவு முழுதாகத் திறந்தது. வெள்ளைச் சுவர், சாம்பல் நிறத் தரை, கண்ணாடித் தடுப்புக்குள் ஷவர். தொட்டி இல்லை. தரையில் ஓஸ்லாக்கின் தம்பி மண்டியிட்டுக் கடைசி டைல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆனவருக்கு ஏது ஜூலை விடுமுறை?

"என் பிளான்?" என்றார் ஹால்வார், சன்னமாக.

தம்பி நிமிர்ந்தார். "ரொம்ப உதவியா இருந்துச்சுங்க. எதையெல்லாம் செய்யக் கூடாதுன்னு ஒரே தாள்ல இருந்துச்சு."

ஹால்வார் சுவரைத் தடவிப் பார்த்தார். கோபம் மெல்ல வடிந்து, அந்த இடத்தில் ஒரு யோசனை ஊறியது. யார் ஒட்டினார்கள் என்று டைல்ஸில் எழுதியா இருக்கிறது? எட்டுப் பேரும் வந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள்!

"சரி, போகட்டும்," என்றார் பெருந்தன்மையாக, பின்னால் வந்து நின்ற இங்குனிடம். "ஆபீஸ்காரங்க வரும்போது வாசல்ல செருப்பு விட இடம் பண்ணி வை."

"அவங்ககிட்ட நான் பேசிட்டேன்," என்றாள் இங்குன். "எட்டுப் பேரும் வராங்க."

"இங்கதானே?"

"இங்க எதுக்கு? நீ கட்டினதைப் பார்க்கத்தானே வராங்க. மலைக்கு வழி சொல்லிட்டேன்."