வௌவால் டாக்டர் காலி செய்த அறை

பிரிக்பீல்ட்ஸில் இன்றுவரை குடியிருந்தவர்களில், எச்சத்தைப் பார்த்து அத்தனை ஆனந்தப்பட்ட மனிதர் வேறு யாரும் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன். "சார், இன்னிக்கு அருமையான எச்சம் கிடைச்சுது!" என்று முகமெல்லாம் பல்லாக வீட்டுக்குள் நுழைவார். நான் அப்போதுதான் தோசையைப் பிட்டு வாயில் வைத்திருப்பேன்.

எங்கள் அடுக்குமாடி அவருக்கு வைத்த பெயர் வௌவால் டாக்டர். மதுரைப் பக்கத்துக்காரர். கடல் தாண்டி இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வௌவால் ஆராய்ச்சி செய்ய வந்து, என் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். அறை கேட்டு வந்தபோது வெறும் 'டாக்டர்' என்றுதான் சொன்னார். மறுநாளே மூன்றாம் மாடி சரோஜா ஆன்டி முழங்காலைக் காட்ட வந்துவிட்டார்.

"ஆன்டி, நான் வௌவாலுக்குத்தான் டாக்டர்."

"பரவால்ல லா, சும்மா பாருங்க."

பாவம், மனுஷன் உட்கார்ந்து பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, "இந்தக் குட்டி பாட்டில்ல என்ன டாக்டர், மிளகா?" என்று கேட்டாள். "இல்லக்கா, எச்சம். லேப் நாளைக்குத்தான் திறப்பாங்க" என்றார். அவள் போட்ட கூச்சலில் எதிர் பிளாக்கிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மானம் போனது எனக்கு. அன்றிலிருந்து கீழ்த்தட்டு அவருக்கு, மேல்தட்டு சாம்பாருக்கு என்று எல்லை பிரித்தோம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோவில் இருக்கும் பத்துமலைப் பக்கம் போவார். போவது அங்குள்ள வௌவால் குகைக்கு. சரோஜா ஆன்டிக்கு அது தெரியாது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா!" என்று பிளாக் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் படிக்கட்டில் வழிமறித்து, "டாக்டர், பிரசாதம் இல்லாமலா வருவீங்க?" என்று கேட்டவர், பதிலுக்குக்கூடக் காத்திராமல் அவர் பையிலிருந்த பொட்டலத்தை உருவிப் பிரித்து, விரலால் தொட்டு நெற்றிக்குக் கொண்டு போய்விட்டார். "ஐயோ ஆன்டி, வேணாம்!" என்று டாக்டர் அலறுவதற்கும் வாடை ஆன்டியின் மூக்குக்குப் போவதற்கும் சரியாக இருந்தது. ஆன்டி அன்று எத்தனை முறை குளித்தாரோ தெரியாது. கோபம் மட்டும் எந்தக் குளியலிலும் போகவில்லை.

டாக்டரோடு டுரியான் பழம் வாங்கப் போவது அதைவிடக் கேவலம். "நல்ல மரம் அங்கிள், நல்ல உரம்" என்று வியாபாரி ஆரம்பிப்பான். "உரம் இல்லைங்க, வௌவால் நல்லா வேலை செஞ்சிருக்கு" என்பார் இவர். பக்கத்தில் நிற்பவர்கள் எடுத்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு நகர்வார்கள்.

"பாஸ், வாங்குனா வாங்குங்க, வியாபாரத்தைக் கெடுக்காதீங்க லா!"

விஷயம் இதுதான். டுரியான் பூ சாயங்காலம் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். அதற்குள் தேன் குடிக்க வரும் குகை வௌவால்தான் மகரந்தத்தை மரத்துக்கு மரம் சுமக்கிறது. அது எந்தெந்தப் பூவுக்குப் போனது என்பது எச்சத்திலுள்ள மகரந்தத்தில் தெரியும். ஆனால் தோட்டக்காரர்களோ, வௌவால் பூவைத் தின்கிறது என்று வலை போட்டுக் கொல்கிறார்கள். அது தப்பு என்று அவர்களுக்குக் காட்டத்தான் இவருக்கு இந்தப் பாடு. "வௌவால் போச்சுன்னா பழம் போச்சு சார்" என்பார். இதில் பெரிய வேடிக்கை, அவருக்கு டுரியான் வாடையே ஆகாது. கடையிலும் மூக்கில் கைக்குட்டைதான்.

"பின்ன யாருக்காகத்தான் இப்படி அலையிறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீங்க சாப்பிடறீங்களே சார்" என்றார்.

அப்புறம் கோவிட் வந்தது. அது வௌவாலால் வந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம் பிளாக்கிலேயே ஒருவர் வௌவால் வளர்க்கிறார் என்று சரோஜா ஆன்டி அதற்கு வால் கட்டி அனுப்பினார். டாக்டர் ஒரு வௌவாலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். டாக்டர் அறையைக் காலி செய்ய வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பேச்சு. "பயப்படாதீங்க டாக்டர், நான் பேசுறேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் அவரைக் கீழே அழைத்துப் போனேன்.

"ஒரே கேள்வி டாக்டர்," என்றார் சரோஜா ஆன்டி. "உங்களால எங்களுக்கு ஒன்னும் வராதுன்னு நூறு பெர்சன்ட் சொல்ல முடியுமா?"

'முடியும்' என்று ஒரு வார்த்தை போதும், எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம். மனுஷன் நின்று யோசித்தார்.

"நூறு பெர்சன்ட்னு எதையுமே சொல்ல முடியாது ஆன்டி. வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டு எப்படி எடுக்கறேன்னு காட்டறேன்..."

"பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு!"

உடனே கீழ்வீட்டுக் கசாயக்காரர் எழுந்து, தன் கசாயம் குடித்தால் எந்த நோயும் அண்டாது, நூறு பெர்சன்ட் கேரண்டி என்றார். கொண்டுவந்த பாட்டில் அத்தனையும் அங்கேயே விற்றுத் தீர்ந்தது. வெட்கக்கேடு, நானும் வாங்கினேன். எங்கள் பிளாக்கில் முதலில் கோவிட்டில் படுத்தவர் அந்தக் கசாயக்காரர்தான் என்பது பிந்திய கதை.

"அங்கிள், நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டுரியான் பூ, மகரந்தம், எல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. நாளைக்கு இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயமும் கூடவே வந்தது. "காலி பண்ண ஒரு மாசம் டைம் குடுப்போம்" என்றேன்.

"அங்கிளுக்குத் தங்கமான மனசு" என்றார் சரோஜா ஆன்டி. கை தட்டினார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து கேட்டில் டுரியான் லோரி ஹார்ன் அடித்தது. கூட்டம் கலைந்து ஓடியது. நின்றபடியே சுளை சுளையாகத் தின்றோம். டாக்டர் தள்ளி நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வௌவால்காரர் என்ற பேச்சு பரவியதில் வேறு எந்தப் பிளாக்கிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கடைசியில், அவர் பேச்சைக் கேட்டு வலையைக் கழற்றிய செமினி என்ற ஊர்த் தோட்டக்காரர் ஒருவர்தான் இடம் கொடுத்தார். எங்கே தெரியுமா? டுரியான் கிடங்குக்கு மேல் மாடியில்!

போன சீசனில் நானும் வீட்டம்மாவும் அங்கே போனோம். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு கொள்ளைக்காரரைப் போல இறங்கி வந்தார். "வாங்க சார்! அக்கா, வாங்க வாங்க!" தோட்டக்காரர் மரங்களைக் காட்டி, "டாக்டர் சொன்னா நான் கேட்டுக்குவேன் பாஸ்" என்றார். ஒரே கூரையின் கீழ் இருந்த நான் ஊர் நடுவில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

"டாக்டர், அன்னிக்கு நான் பேசியிருக்கணும்" என்றேன்.

"விடுங்க சார். பயம் எல்லாருக்கும் வர்றதுதான்."

"ரூம் காலியாத்தான் கெடக்கு. வந்துடுங்க டாக்டர்" என்றாள் வீட்டம்மா.

துண்டை இறக்கிவிட்டு வழக்கம்போல யோசித்தார். "நூறு பெர்சன்ட்னு சொல்ல முடியாதுக்கா. ஆனா வாய்ப்பு இருக்கு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சாக்கு என்றிருப்பேன். அவர் வாய்ப்பு இருக்கிறது என்றால் இருக்கிறது. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் மறந்துபோய்த் தயிரை அங்கே வைத்தால், "அது டாக்டரோட இடம்" என்று வீட்டம்மா எடுத்து மேலே வைத்துவிடுகிறாள்.