மகாராஜா ஒழித்த சனிக்கிழமை வெட்டி வேலை

சுகர் லேண்ட், டெக்சஸ்
1.2.1999

அன்பு மாப்பிள்ளை சபரிக்கு,

இங்கே நானும் உங்கள் அக்கா வசந்தாமணியும் சௌக்கியம். அங்கே அத்தை, மாமா சௌக்கியத்துக்குப் பேரூர் பட்டீசுவரர் துணை. உங்களுக்கு விசா குத்திவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து அக்காவுக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைவிடப் பெரிய சமாச்சாரம். எங்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

எங்கள் கம்பெனி முதலாளி கஸ்தூரிரங்கன் ஸார் கெட்டவர் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் எல்லோருடைய கிரீன் கார்டும் அவர் கையெழுத்தில் தொங்குகிறது, அதனால் சனிக்கிழமை விடிந்தால் போன் வரும், "திருமூர்த்தி, ஒரு சின்ன ஹெல்ப்" என்பார், போனால் அவர் வீட்டுப் புல்லை வெட்ட வேண்டும், வேலிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்தப் பொங்கலுக்கு பேர்லேண்ட் மீனாட்சி கோயில் ஹாலில் அவரே ஒரு நாடகம் எழுதிப் போட்டார். இருநூறு வருஷத்துக்கு முன் ஆஸ்திரியாவில் குடியானவர்கள் பண்ணையார் நிலத்தில் வாரத்தில் சில நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டுமாம், அதற்கு அங்கே 'ரோபோட்' என்றே பெயராம், படித்த மகாராஜா ஒருவர் வந்து அதற்கு முடிவு கட்டச் சட்டம் போட்டாராம். தன் மகளின் ஸ்கூல் புத்தகத்தில் இதைப் படித்து ஸார் கண் கலங்கிவிட்டார். மகாராஜா அவர், குடியானவர்கள் நாங்கள். ஒத்திகையில் "என் நாட்டில் இனி எவனும் கூலியின்றி உழைக்க வேண்டாம்" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டு, அதே மூச்சில், "திருமூர்த்தி, போறச்சே கராஜைக் கொஞ்சம் கூட்டிடுங்கோ" என்பார்.

நாடகத்தன்று சட்டத்தைப் படித்து முடித்ததும் குடியானவள் வேஷத்தில் இருந்த உங்கள் அக்கா விழுந்து கும்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் பார்ட். கும்பிட்டவள் நகரவில்லை. "மகாராஜா, சனிக்கெழம புல்லு வெட்டறதும் இந்தச் சட்டத்துல வருதுங்களா?" என்று கேட்டுவிட்டாள். கிரீன் கார்டு போச்சு என்று நினைத்தேன், மாப்பிள்ளை. ஹாலே கை தட்டியது. அந்தச் சத்தத்தில் ஸார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள். "வரும்" என்றார். பக்கத்தில் குடியானவனாக நின்ற எங்கள் ஆபீஸ் வெள்ளியங்கிரிக்கும் தைரியம் வந்துவிட்டது.

"வேலிக்குப் பெயிண்ட் அடிக்கறதுங்க?"

"அதுவும்."

"ஏர்போர்ட்டுக்குப் போயி உங்க சொந்தக்காரங்களக் கூட்டியாறதுங்க?"

முன் வரிசையிலிருந்து ஸாருடைய மனைவி ஜலஜா மாமி, "ஏன்னா, அதை மட்டும் ரத்து பண்ணிடாதேங்கோ" என்றார்.

"சபையில் குறுக்கே பேசப்படாது. அதுவும் ரத்து" என்று செங்கோலால் தரையில் தட்டினார் ஸார்.

முடிந்ததும் பார்க்கிங் லாட்டில் கிரீடத்தோடு என்னைத் தேடி வந்தார். "ஸார், அவ வெளையாட்டுக்குக் கேட்டதுங்க" என்று ஆரம்பித்தேன். "சொன்னது சொன்னதுதான். சனிக்கிழமை தூங்குங்கோ" என்றார். போன சனிக்கிழமை போன் அடிக்கவே இல்லை. நாங்கள் இருவரும் கால்வெஸ்டன் போய்ப் பகல் முழுக்க மணலில் சும்மா உட்கார்ந்திருந்தோம். "இந்த ஊர்ல கடல் இருக்கறதே இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள் உங்கள் அக்கா.

பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம். எல்லோரும் வயிறார உண்டு, கவலையில்லாமல் தூங்கி, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மச்சான்
திருமூர்த்தி

பின்குறிப்பு: ஒட்டப் போன கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். இன்று ஆபீஸில் ஸார் கூப்பிட்டுச் சட்டத்தை விளக்கினார். மேடையில் நின்ற குடியானவர்களுக்கு மட்டும்தான் அது செல்லுமாம். உங்கள் விசாவும் அவர் கம்பெனி விசாதானே. "உங்க மச்சினன் வெள்ளிக்கிழமையா வந்து எறங்கறார்? பெயிண்ட் அடிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். பிரமாதமாக அடிப்பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பழைய சட்டை இரண்டு கொண்டு வாருங்கள்.