எதுக்கும் பாஸும் எட்டுக் கிலோக் கிளச்சும்

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடுகிற அத்தனை மோட்டார்சைக்கிள்களுக்காகவும் ஒரே ஓர் ஆள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஆனால் அதுதான் உண்மை. நாங்கள் எல்லாரும் நிம்மதியாக ஓடித் திரிந்தோம் என்றால், எங்கள் பங்கையும் சேர்த்து அவர் பயந்துகொண்டிருந்ததுதான் காரணம்.

வாப்பாவும் உம்மாவும் அவருக்கு வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்குத் தெரிந்த பெயர் ‘எதுக்கும் பாஸ்’. மெக்கானிக் என்றால் எங்கள் பக்கத்தில் பாஸ்தான். ‘எதுக்கும்’ அவர் தானே சம்பாதித்துக்கொண்டது. பிரேக்கைச் சரிபார்த்து முடித்ததும், எதுக்கும் இன்னொருக்கா பாப்பம் என்பார். இன்னொரு தரம் பார்த்ததும், எதுக்கும் கழற்றிப் பூட்டுவம் என்பார். பூட்டிய பிறகு வண்டிக்காரரை ஏற்றிவிட்டுப் பள்ளிவாசல் மூலை வரைக்கும் கூடவே ஓடுவார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காதைச் சில்லுப் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் ஓடுவதைப் பார்க்கவே கடைக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள்.

அவருடைய கராஜுக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அது தரையில் இருந்தது. மேலே மாட்டினால் யாருடைய தலையிலாவது விழுந்துவிடும் என்ற பயம். தரையில் வைத்தால் காற்று தூக்கிவிடும் என்று அடுத்த பயம் வந்ததால், அதைச் சங்கிலி போட்டு வேப்ப மரத்தோடு பூட்டியிருந்தார். ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிற ஒருவருக்கு ஒரு காலையில் செயின் மாற்றிக் கொடுத்துவிட்டு, அவர் போய்ச் சேருவதற்குள் மூன்று தரம் போன் எடுத்துச் சத்தம் கேட்கிறதா என்று விசாரித்தார். மூன்று தரமும் ஓரமாக நிறுத்திக் கதைத்துவிட்டுப் போனவருக்குத் துறைமுகத்தில் மீன் பெட்டி ஒன்றும் மிச்சமில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடத்துக்குப் பிறகுதான் மனுசன் இப்படி ஆனார் என்று சிலர் சொல்வார்கள். அவருடைய மச்சானிடம் கேட்டேன். அதற்கு எவ்வளவோ முன்னால், தன்னுடைய கல்யாணத்தில், பந்தல் சரிந்துவிடுமோ என்று ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நிக்காஹ் முடித்தவர் என்றார். ஆக, இதற்குக் காரணம் எதுவும் இல்லை. சிலர் சிவப்பாகப் பிறக்கிறார்கள், சிலர் உயரமாகப் பிறக்கிறார்கள். இவர் பயந்தவராகப் பிறந்தார்.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன்.

என் மனைவி பரீதாவுக்குப் பஸ் ஆகாது. வேன் ஆகாது, கார் அதைவிட ஆகாது. கல்முனையில் ஏற்றினால் காரைதீவுச் சந்தி வருமுன் வாந்தி. திறந்த காற்று முகத்தில் பட்டால் மட்டும் ஒன்றும் செய்யாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். எங்கள் ஒரே மகளோ கண்டிப் பக்கம் அக்குறணையில் ஆசிரியை வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணமும் முடித்துக்கொண்டாள். மகளைப் பார்க்க மலையேற வேண்டும், மலையேறக் காற்று வேண்டும் என்பதற்காகவே, கொழும்பில் ஒருவரிடமிருந்து நீண்ட பயணத்துக்கென்று செய்த பழைய இரட்டை சிலிண்டர் மோட்டார்சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பின் இருக்கை சோபா மாதிரி இருந்தது. பரீதா அதில் ஏறி உட்கார்ந்து, இது போதும் என்றாள்.

எனக்குத்தான் போதவில்லை. அதன் கிளச்சை இழுப்பதற்கு என் இடது கை முழுவதும் தேவைப்பட்டது. முதல் மாதம் விரல் நொந்தது. அடுத்த மாதம் விரல் மரத்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது, பிளேன்டீக் கோப்பை கையிலிருந்து நழுவத் தொடங்கியது. கூட்டாளிமார், ஓட ஓடக் கை பழகும் என்றார்கள். டொக்டர், மணிக்கட்டு நரம்பு நெருக்குப்படுகிறது, இந்த வண்டியை விடு என்றார். நான் இரண்டு தரப்பார் சொன்னதையும் பரீதாவிடம் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலைகிற நேரம், பரீதாவைப் பின்னால் வைத்துக்கொண்டு, பிரதான வீதியில் சனம் கடக்கிற மஞ்சள் கோட்டுக்கு முன்னால் கிளச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோட்டில் ஒரு தாய், பிள்ளையைக் கையில் பிடித்தபடி கடந்துகொண்டிருந்தாள். என் விரல்கள் என்னைக் கேட்காமலே விட்டுவிட்டன. வண்டி பாய்ந்தது. வலது கையும் காலும் எப்படிப் பிரேக்கை அழுத்தின என்று இன்றைக்கும் தெரியாது. முன் சில்லுக்கும் அந்தப் பிள்ளையின் சப்பாத்துக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. தாய் என்னை ஏசவில்லை. பார்த்துவிட்டுப் போனாள். ஏசியிருக்கலாம்.

பின் இருக்கையிலிருந்து பரீதா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். வீடு வந்து இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

“ஒங்கட கை எவ்வளவு நாளா இப்பிடி?”

சொன்னேன். அப்போது மகளுக்குப் பிரசவத்துக்கு ஒரு மாதம் இருந்தது. நச்சுக்கொடி கீழே இருக்கிறது, பயணமே கூடாது என்று அங்கே டொக்டர் சொல்லியிருந்தார். மருமகனுக்குக் கட்டாரில் வேலை, லீவு இல்லை. அவளுடைய மாமியார் மௌத்தாகி இரண்டு வருடம். அவளால் இங்கே வர முடியாது, உம்மா அங்கே போயே ஆக வேண்டும். அடுத்த நாள் காலை மோட்டார்சைக்கிளை எதுக்கும் பாஸிடம் உருட்டிக்கொண்டு போனேன். ஓட்டிக்கொண்டு போகத் தைரியம் வரவில்லை.

பாஸ் வண்டியைப் பார்க்கவில்லை. முதலில் என் கையை வாங்கிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக அமத்தினார், மடக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய், சந்தையில் மீன் நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றை எடுத்து வந்து கிளச் லீவரின் நுனியில் மாட்டி மெல்ல இழுத்தார். முள் எட்டுக் கிலோவில் போய் நின்றது. அவருடைய முகம் வெளிறியது. எங்களைவிட இளையவர்; நான் அவருக்குக் காக்கா, பரீதா ராத்தா, அதாவது அண்ணன், அக்கா முறை.

“காக்கா, கியர் மாத்துற ஒவ்வொரு தரமும் நீங்க ஒரு பெரிய பாரை மீனத் தூக்கிறீங்க. அம்பாறைக்குப் போய் வந்தா ஒரு தோணி மீன் தூக்கி முடியும்.”

அன்று முழுவதும் அவர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. முக்காலியைப் போட்டுக்கொண்டு கேபிள் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னேரம் போல்தான் கண்டுபிடித்தார். பழைய சொந்தக்காரர் சொகுசுக்காக ஹேண்டிலை உயர்த்தி வைத்திருக்கிறார், கேபிளை மட்டும் மாற்றவில்லை. எட்டாத கேபிளை இழுத்து, லைட்டுக்குப் பின்னால் முழங்கை மாதிரி மடித்துச் செருகியிருக்கிறார். பாதிப் பாரம் அந்த மடிப்பில்தான். கேபிளை உருவி எடுத்தபோது உள்ளே துரு. இழைகளில் மூன்று ஏற்கனவே அறுந்திருந்தன. பாஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். மலையில் இது அறுந்திருந்தால் என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வண்டிக்குப் புதுக் கேபிள் நாட்டில் எங்கும் கிடைக்கவில்லை. தானே செய்தார். நீளமான புது வயர் எடுத்து, நுனியில் குமிழ் வைத்து ஈயம் பற்றவைத்தார். பற்று விட்டுவிடுமோ என்ற பயத்தில், கேபிளை வேப்ப மரக் கிளையில் கட்டி மணல் மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். மூட்டை இரண்டு நாள் தொங்கியது. மணிக்கொரு தரம் போய்த் தொட்டுப் பார்த்தார். பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, இது என்ன நேர்ச்சை, மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கேபிளை அகலமான வளைவில் கொண்டுபோய், எண்ணெய் விட்டு, லீவரின் அச்சில் தேய்ந்த புஷ்ஷை மாற்றினார். தராசு ஆறு காட்டியது. எனக்குப் பெரிய சந்தோசம். அவருக்கு இல்லை. என் கைக்கு ஐந்துதான் தாங்கும் என்று அவரே தீர்மானித்திருந்தார். என்ஜின் பக்கத்தில் கேபிள் போய் மாட்டுகிற சின்ன இரும்புக் கையை ஒரு விரலளவு நீட்டி ஒட்டினார். நாலரை. கிளச் பஞ்சு மாதிரி இருந்தது. கியரைப் போட்டார். கிளச் முழுதாகப் பிடித்திருக்க, வண்டி தன்பாட்டில் ஊர்ந்து போய் பெயர்ப்பலகையில் முட்டியது. கை நீண்டால் பாரம் குறையும், ஆனால் உள்ளே கிளச் முழுதாக விலகாது என்று எனக்கு விளக்கினார். மறுபடி கழற்றினார், அரைவாசியாக வெட்டினார், ஒட்டினார், கழற்றினார். இப்படியே மூன்று வாரம் போனது.

அப்போது மகளின் போன் வந்தது. கொஞ்சம் இரத்தம் பட்டிருக்கிறது, நாளைக்கே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்கிறார்கள், மறுநாள் ஒப்பரேஷன். அழவில்லை. உம்மா எப்ப வருவீங்க என்று மட்டும் கேட்டாள்.

கராஜுக்கு ஓடினேன். வண்டி பூட்டியாயிற்று, தராசு ஐந்து காட்டுகிறது, ஊர்வதும் இல்லை. ஆனால் பாஸ் சாவியைத் தர மறுத்தார். இன்னும் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். கெஞ்சினேன், குரலை உயர்த்தினேன். சாவியைச் சாரத்து மடிப்பில் சொருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் பரீதா நடந்து வந்தது எனக்குத் தெரியாது. அவள் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் இருந்தாள்.

“தம்பி, ஒங்களுக்கு ரோட்ட நெனச்சுப் பயம். எனக்கு அங்க ஆஸ்பத்திரியில தனியக் கிடக்கப் போற பிள்ளைய நெனச்சுப் பயம். ரெண்டில எது பெரிசு எண்டு நீங்களே சொல்லுங்க.”

பாஸ் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார், என்னிடம் அல்ல.

“சுபஹ் தொழுதிட்டு வெளிக்கிடுங்க ராத்தா. நானும் பின்னால வாறன்.”

பள்ளிவாசல் மூலையைத் தாண்டி வண்டி ஓட்டி யாரும் பார்த்திராத மனுசன். மறுநாள் விடியற்காலை, தன்னுடைய பழைய சின்ன மோட்டார்சைக்கிளில் வாசலில் நின்றார். தோளில் திருகுச் சாவிகள் போட்ட பை, கழுத்தில் மாலை மாதிரி இன்னொரு கிளச் கேபிள். சம்மாந்துறை, அம்பாறை, உகன, மகாஓயா என்று எங்கள் பின்னாலேயே வந்தார். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவருடைய சிக்னல் லைட் எரிந்துகொண்டிருந்தது, இடது பக்கம். மகியங்கனையில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியதும் தராசை எடுத்து மாட்டினார். ஐந்தே கால். சூட்டில் கூடியிருக்கிறது என்று அங்கேயே வியர்த்துப் போனார். கடைக்காரச் சிங்களவர் எங்களிடம் மீன் இருக்கிறதா என்று கேட்டார்.

கண்டிக்கு ஏறுகிற மலைப்பாதையின் பதினெட்டு வளைவு தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே லொறி நின்று நின்று இறங்கியது, ஒவ்வொன்றுக்கும் கிளச்சைப் பிடித்து அரைக் கிளச்சில் ஏற்றினேன். ஒவ்வொரு தரமும் விரல்கள் விட்டுவிடப் போகின்றன என்று எண்ணினேன். விடவில்லை. ஆறாவது வளைவில்தான் தெரிந்தது, கை மரக்கவே இல்லை. பரீதாவிடம் சொல்லத் திரும்பினேன். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸுடைய வண்டி ஐந்தாவது வளைவில் புகைந்துகொண்டு நின்றது.

இறங்கி நடந்து போனேன். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, மலையோடு ஒட்டி நின்றார். உங்களை இப்படி விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றேன். கழுத்திலிருந்த கேபிளைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

“போங்க காக்கா. வண்டி நல்லா இரிக்கி. நான் பாத்தது.”

பின்னேரம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். அன்றிரவு பரீதா மகளின் கட்டிலருகே இருந்தாள். மறுநாள் காலை பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். பாஸை மரக்கறி லொறிக்காரர் ஒருவர், வண்டியும் ஆளுமாக ஏற்றிக் கொண்டுபோய் அம்பாறையில் இறக்கிவிட்டிருக்கிறார். லொறியின் கதவு சரியாகப் பூட்டவில்லை என்று வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே போனாராம்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்து மருமகன் லீவில் வந்து, மகளையும் பிள்ளையையும் கல்முனைக்குக் கூட்டி வந்தார். வீடு நிறையச் சனம். பிள்ளை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. பாஸ் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், விழுந்துவிடுமாம். பரீதா அவரைச் சுவரோரமாகப் பாயில் இருத்தி, பிள்ளையை மடியில் வைத்துவிட்டுச் சமையல் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

பிள்ளை அங்கேயே தூங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் அவர் அசையவில்லை. தேத்தண்ணி ஆறியது, மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட ஊதித்தான் விரட்டினார். அன்று அந்தப் பிள்ளையைத் தூக்கிய அத்தனை பேரின் கையையும் நான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மடியில் இருந்த நேரம் மட்டும் வெளியே போய், வேலியோரம் ஆறுதலாகக் காற்று வாங்கினேன்.