மேயர் படம் போட்ட தண்ணீரில் ஞானஸ்நானம்

சான் தெல்மோ,
செவ்வாய்க்கிழமை

மாட்ரிட்டில் யார் வீட்டுத் தரையையோ பளபளப்பாக்கிக்கொண்டிருக்கும் பாசமுள்ள பெலி அக்காவுக்கு, தம்பி செல்சோ வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவின் முழங்கால் தவிர இங்கு யாவரும் நலம். உன் மருமகனின் ஞானஸ்நானம் சிறப்பாக நடந்தது என்று அப்பா போனில் சொல்லியிருப்பார். நம்பாதே.

பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆட்டோ ஓட்டும் நம் பெர்தோதான் என்று நானும் என் மனைவி லூத்தும் முடிவு செய்திருந்தோம். கோடையிலிருந்து தெருவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வரும் திங்கள்கிழமை நகராட்சி முன்னால் போராட்டம். ஆள் திரட்டியவர்கள் நானும் அவனும்தான். இது தெரிந்தே அப்பா ரகசியமாகப் போய் மேயர் எவரார்தோவை ஞானத்தகப்பனாக அழைத்துவிட்டார். கேட்டால், "ஏன்டா, பெரிய மனுசன் கையில குடுத்தா புள்ள தேஞ்சா போயிடும்?" என்கிறார். தேய்வது பிள்ளை இல்லை அக்கா, என் வாய். பிள்ளையின் ஞானத்தகப்பன் எனக்குக் கும்பாரே, கூடப்பிறக்காத சகோதரன். கும்பாரே வாசலில் நின்று எவன் கோஷம் போடுவான்? ஸ்பானியர்கள் நம் நாட்டை முந்நூறு வருஷம் ஆண்டு, போகும்போது எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு இந்த உறவை மட்டும் விட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நமக்குச் சாலை, வேலை, சவப்பெட்டி எதுவும் உரிமையாக வருவதில்லை. கும்பாரே தயவில்தான் வருகிறது.

கோயிலில் பெர்தோவைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு மேயர் பிள்ளையை வாங்கிக்கொண்டார். தொட்டியில் தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்தால் இருமியது. மேயரின் மெய்க்காவலன் ஒரு பாட்டிலை நீட்டினான். அதில் ஒட்டிய படத்தில் மேயர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். சாமியார் அந்த முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஊற்றினார். பிள்ளை கூரை அதிர வீறிட்டான். நம் ரத்தம் அல்லவா!

"அழுவாதடா ராஜா, நான் இருக்கேன்ல! என்ன கும்பாரே, மூஞ்சில சிரிப்பையே காணோம்?" என்றார் மேயர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிக்கலாம் கும்பாரே. உங்க ஞானப்புள்ளைய வீட்டுல குளிப்பாட்டத்தான் தண்ணி இல்ல" என்றேன். நான் செருப்பால் அடித்ததாக நினைத்தேன். அவரோ விண்ணப்பமாக எடுத்துக்கொண்டார்.

"அட, இவ்வளவுதானா? மொதல்லயே சொல்லக் கூடாதா?"

நேற்றுக் காலையிலேயே குழாய் வந்துவிட்டது. நம் வீட்டுக்கு மட்டும். அப்பா ஒரு நாளில் மூன்று தரம் குளித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. பெர்தோ வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திக் கத்தினான்: "டேய் செல்சோ! குழாய் ஒனக்கு, கோஷம் எங்களுக்கா?"

ராத்திரி சோறு இறங்கவில்லை அக்கா. இன்று வேலியைப் பிடுங்கிவிட்டேன். தெரு முழுவதும் நம் குழாயில்தான் பிடிக்கிறது. திங்கள்கிழமை காலிக் குடத்தோடு முதல் வரிசையில் நான் போகிறேன், பக்கத்தில் பெர்தோ. கும்பாரே முகத்தில் எப்படி விழிப்பாய் என்று அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். இந்தத் தயவுப் பிழைப்பு நம் குடும்பத்தில் என்னோடு ஒழியட்டும்!

குளிரில் சாக்ஸ் போட்டுக்கொள். லூத்தின் அன்பும், பிள்ளையின் எச்சில் முத்தமும்.

உன் தம்பி,
செல்சோ

பி.கு.: பிள்ளைக்கு அடுத்து வரும் சடங்கான உறுதிபூசுதலுக்கு உன் முதலாளி ஞானத்தகப்பனாக நிற்பாரா என்று மெல்லக் கேட்டுப் பார். நேரில் வர வேண்டாம், பெயர் போதும். பிறகு அங்கே எனக்கொரு வேலை கேட்பது சுலபம். கும்பாரே என்றால் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் நாட்டுக்காரர்கள் நம்மிடம் விட்டுப் போனதுதானே.