கோப்பித் தராசில் ஏறிய தொரை

கோப்பி மூட்டை நிறுக்கும் தராசில் தன்னையே தொங்கவிட்டு எடை பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரிடம் நான் வேலை பார்த்தேன். கண்டிப் பக்கம் பன்விலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அவருக்கு எட்டுக்குழித் தொரை என்று பெயர். சொந்தப் பெயர் என்னவென்று ஆட்கள் குடியிருந்த லயத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் எங்கள் வாயில் நுழைந்திருக்காது.

ஆள் சாதாரணப் பருமன் இல்லை. பங்களாவில் இருந்த நாலு கதிரையில் மூன்றை உட்கார்ந்தே உடைத்துவிட்டார். நாலாவது ஒன்றே போதுமாயிருந்தது. அங்கே வேறு யாரும் வந்து உட்காரப் போவதில்லை. பெண்டாட்டி, பிள்ளை, உறவு என்று ஒருவரும் கிடையாது. சீமையிலிருந்து வரும் பழைய பத்திரிகையைக் குசினிக்கார அந்தோணிக்கு இங்கிலீஷில் உரக்க வாசித்துக் காட்டுவார். அந்தோணிக்கு ஒரு சொல்லும் புரியாது. தொரை மூச்சு விடும் இடமெல்லாம் பார்த்து "ஆமாங்க தொரை" என்பான். அவருக்கு அது போதும்.

அவருக்கிருந்த ஒரே ஆசை கோல்ஃப். பங்களாவுக்குக் கீழே புல்லுச் சரிவில் எட்டுக் குழி வெட்டச் சொல்லிக் கங்காணிக்கு உத்தரவு போட்டார். எங்கள் ஆட்களுக்குக் குழி என்றால் கோப்பிக் கன்று நடும் குழிதான். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், அளவுக்கம்பு வைத்து அச்சுப் பிசகாமல் எட்டையும் ஒரே காலையில் வெட்டிவிட்டார்கள். கோப்பை அளவு குழியை எதிர்பார்த்து வந்த தொரை தலையில் கை வைத்தார்.

"என்ன கங்காணி இது? பந்து விழவா, நான் விழவா?"

"தொரைக்கு எது தோதோ அப்படிங்க," என்றார் கங்காணி.

குழிகள் அப்படியே இருந்துவிட்டன. பந்து விழுவது சுலபம், குனிந்து எடுப்பதுதான் அவரால் ஆகாத காரியம்.

சுற்றுவட்டாரத்தில் இந்த விளையாட்டுத் தெரிந்த இன்னொருவர் வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்து நெட்டைத் தொரை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குதிரையில் வருவார். அன்றைக்கு எங்கள் தொரை விடிவதற்குள் முகம் மழித்து, நல்ல கோட்டு மாட்டி, பங்களா வாசலில் போய் நின்றுவிடுவார். ஆனால் ஆட்டம்? நேரே நின்றால் வயிறு பந்தை மறைத்தது. இடுப்பு திரும்ப மறுத்ததால் வெறும் கையால் விளாசுவார், பந்து பத்தடி ஓடிப் படுத்துக்கொள்ளும். மூன்றாவது குழியில் இரைப்பு. ஐந்தாவது குழியில் புல்லிலேயே உட்கார்ந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டைத் தொரைக்குப் பொறுமை போய்விட்டது. அவர் சொன்னதை அவருடைய குதிரைக்காரன் எங்களுக்குத் தமிழில் சொன்னான்: "எட்டுக் குழியும் நடந்து முடிக்க முடியும்னா ஆள் அனுப்பு. நீ உக்காந்திருக்கிறதப் பாக்க இவ்வளவு தூரம் வரமாட்டேன்."

குதிரை போய் வெகுநேரம் ஆகியும் எங்கள் தொரை பாதையைப் பார்த்தபடியே நின்றார். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் காலை தப்பு மேளச் சத்தம் கேட்டு ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது தலை எண்ணுவதற்கு, வரிசை கட்டினால், கடைசி ஆளாகத் தொரை நிற்கிறார்! கங்காணி பழக்கதோஷத்தில் அவரையும் சேர்த்து எண்ணிவிட்டார். ஆட்களின் பின்னாலேயே மலையேறினார், இரண்டு இடத்தில் சறுக்கினார்.

"ஐயோ பாவம், பச்ச மொளகாயக் கடிச்ச மாதிரி செவந்துட்டாரு," என்றார்கள் பெண்கள். சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கியும் விட்டார்கள்.

தொரையின் சாப்பாட்டில் இறைச்சியும் புட்டிங்கும் போய், குரக்கன் என்கிற கேழ்வரகு ரொட்டி வந்தது. "இதச் சுடவா நான் கண்டியில குசினி வேல பழகினேன்?" என்று அந்தோணி அழாத குறை.

சனிக்கிழமை சாயங்காலம் கோப்பி ஸ்டோருக்கு வந்தார். மூட்டை நிறுக்கும் கணக்கப்பிள்ளை நான். கொக்கியில் கயிறு போட்டு அதில் அவரை உட்கார வைத்தோம். உத்தரம் முனகியது. வண்டியில் கண்டிக்குப் போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்குக் கழிவு, ஈரக் கழிவு என்று எடையில் குறைத்துச் சொல்வது வழக்கம். அன்று மழை வேறு, தொரையின் கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வருஷக்கணக்காக ஊறிப்போன என் வாய் தானாகவே பன்னிரண்டு றாத்தலைக் கழித்துவிட்டு எடையைச் சொல்லிற்று.

தொரை கயிற்றிலிருந்தே துள்ளினார். "ஒரே வாரம்! பன்னெண்டு றாத்தல் போயிடுச்சு!"

நடக்கத் தொடங்குமுன் கடைசியாகக் கண்டியில் பார்த்திருந்த எடையோடு ஒப்பிட்டிருக்கிறார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த முகத்தில் சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் மறுவாரம் இருமடங்கு நடந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எடை நிஜமாகவே இறங்கியது. நான் மட்டும் அந்தப் பன்னிரண்டை விடாமல் கழித்துக்கொண்டே வந்தேன். நடுவில் நிறுத்தினால் ஏறிவிட்டது என்று மனசு ஒடிந்துவிடுவாரே!

நாலு மாதத்தில் வயிறு ஒதுங்கிப் பந்து கண்ணில் பட்டது. இடுப்பு திரும்பியது, அடி தோளிலிருந்து புறப்பட்டது, பந்து சரிவுக்குக் கீழே ஓடிய ஓடையைத் தாண்டிப் பறந்தது. எட்டுக் குழியும் நடந்து, எட்டிலும் குனிந்து பந்தை எடுத்தார். அன்றே, வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வரும்படி நெட்டைத் தொரைக்குத் தபால்காரனிடம் கடிதம் போனது.

ஞாயிறு வந்தது. முகம் மழித்து, இப்போது தொளதொளவென்று தொங்கும் அதே கோட்டோடு பங்களா வாசலில் நின்றார். வெயில் ஏறிய பிறகு குதிரைக்காரன் வந்தான். நடந்து வந்தான். கையில் எங்கள் தொரையின் கடிதம் பிரிக்காமலே இருந்தது.

"எங்க தொரை போன வாரமே கண்டியில ரயில் ஏறிட்டாருங்க. கோப்பிச் செடிக்கு எல நோய் வந்து தோட்டமே போச்சு. குதிரையையும் வித்துட்டாரு. இனிமே வரமாட்டாருங்க."

தொரை வாசலை விட்டுத் திரும்பினார். சரிவுக்குப் போய் முதல் குழி ஓரத்தில் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போனேன். என் ஊர் கடல் தாண்டித் திருச்சிப் பக்கம், இங்கே ஸ்டோருக்குப் பின்னால் ஒற்றை அறை, எனக்கும் பேச நாதி கிடையாது. என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல், நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன்.

"தொரை, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. மொத வாரம் நீங்க எளைக்கவே இல்ல. பன்னெண்டு றாத்தலும் சாக்குக் கழிவும் ஈரக் கழிவுமுங்க."

நிமிர்ந்து பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நான் சாக்கு?"

"ஈரச் சாக்குங்க."

அவர் சிரித்த சிரிப்பில் அந்தோணி குசினியை விட்டு ஓடி வந்தான். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெட்டைத் தொரைக்கு என்று எடுத்து வைத்திருந்த கோல்ஃப் கம்பை என்னிடம் நீட்டினார்.

"கணக்கப்புள்ள, நீ அடி."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு ஆடியது நான்தான். என் ஆட்டம் மகா மட்டம். அவருடையது பிரமாதம், ஏழாவது குழிவரைக்கும். எட்டாவதில் மட்டும், குழிக்கு ஒரு சாண் தூரத்தில் கிடக்கும் பந்தைத் தட்டி, அந்தப் பெரிய குழிக்குள் விழாமல் ஓரமாக ஒதுங்கிப் போக வைப்பார். "அடடா, போயிடுச்சு!" என்பார். பந்து விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவர் பங்களாவுக்குப் போக வேண்டும், நான் என் அறைக்கு.

நானும் என் பந்தைக் குழிக்குள் விடவில்லை.