வெள்ளத் தடுப்புத் துறையும் பதினொரு முட்டையும்

ஒரு காட்டில், அதுவும் மெட்ரோ ரயிலும் மேம்பாலமும் வந்துவிட்ட பெரிய காட்டில், அம்புஜம் என்றொரு ஆமை இருந்தாள். ஏரிக்கரை மணலில் பதினொரு முட்டையிட்டுக் காத்துவந்தாள். அவளுடைய ஒரே கவலை கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் அந்த வழியை அடைத்துத்தான் நரி ஆணையர் தன் அலுவலகத்தைக் கட்டியிருந்தார். சொன்னால் சிரிப்பீர்கள், அது வெள்ளத் தடுப்புத் துறை அலுவலகம்.

அம்புஜம் ஆன்லைனில் புகார் போட்டாள். மூன்றாம் நாளே செல்போனுக்குப் பதில் வந்தது: 'தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது.' கூடவே ஒரு போட்டோ. ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு கலங்கல், பளிச்சென்று இருந்தது. அவள் நேரில் போனாள்.

"சார், இது எங்க ஏரியே இல்ல."

"கலங்கல்தானேம்மா? அதோட நீங்க ஆமை. தண்ணி வந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார் நரி.

"எனக்கில்ல சார். முட்டை முங்கிடும்."

"முட்டை சார்பா நீங்க மனு கொடுக்க முடியாது. பொரிஞ்சதும் அதுங்களையே எழுதித் தரச் சொல்லுங்க."

ஐப்பசியில் மழை எச்சரிக்கை வந்தது. அந்தக் காட்டில் எச்சரிக்கை வந்தால் யாரும் வடிகாலைப் பார்க்கமாட்டார்கள். மேம்பாலத்தில் இடம் பிடிப்பார்கள். அன்றும் எல்லோரும் மூட்டைமுடிச்சோடு ஏறினார்கள். அம்புஜம் ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடினாள். ஆமை ஓட்டம்தான், என்ன செய்ய? அதைப் பாலத்தில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கரை முங்கத் தொடங்கிவிட்டது. அவள் கதறியதைக் கேட்டுக் குரங்கு வாளியில் கயிறு கட்டி இறக்கியது. கீரிப்பிள்ளை கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் வைத்தது. முட்டை என்றால் உயிரை விடும் கீரி, அன்று ஒன்றைக்கூட நக்கிப் பார்க்கவில்லை. மொத்தம் ஐந்து முட்டைகள் பிழைத்தன. ஆறு போய்விட்டன.

மறுநாள், காடுகளுக்கு மார்க் போடும் வெளிநாட்டு நாரைக் குழு பாலத்தில் வந்து இறங்கியது. கையில் படிவம், ஒரு பக்கம் 'பலம்', மறுபக்கம் 'சவால்'. அம்புஜம் நடந்ததை எல்லாம் சொல்லி அழுதாள். தலைமை நாரையும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"என்ன ஒரு ஒற்றுமை! யார் ஏற்பாடு?"

"எங்க துறையோட மக்கள் பங்கேற்புத் திட்டம்தான்," என்று நரி கூசாமல் முன்னால் வந்தார்.

"கலங்கல் அடைச்சிருக்கே?" என்று ஒரு குட்டை நாரை கேட்டது.

"அடைக்கலேன்னா இந்த ஒற்றுமை வெளியில தெரிஞ்சிருக்குமா?"

குட்டை நாரை 'சவால்' பக்கத்தில் எழுதியிருந்ததை அடித்தது. கலங்கல் 'பலம்' பக்கத்துக்குப் போனது. காட்டுக்கு முதல் பரிசு; வாங்கிக்கொண்டவர் நரி ஆணையர்.

விழாவில் அம்புஜத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் மைக்கைப் பிடித்து, "இப்பவாவது கலங்கலைத் திறங்க சார்," என்றாள்.

நரி அவள் காதோரம் குனிந்தார். "திறந்துட்டா அடுத்த வருஷம் எதைம்மா காட்டுறது?"

அம்புஜம் சால்வையை உதறிவிட்டு இறங்கினாள். மறுவாரம் ஏரிக்கரையில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள்: 'முட்டையிடுவோர் ஐப்பசிக்கு முன் பெயர் பதிவு செய்யவும். வாளி அவரவர் கொண்டுவரவும்.'

நீதி: வெள்ளத்தில் தவிக்கும் அண்டை வீட்டாருக்குத் தயவுசெய்து கைகொடுக்காதீர்கள். கொடுத்தால், கலங்கலை அடைத்தவருக்குப் பரிசு கொடுத்துவிடுவார்கள்.