பிரதர் சபையில் சேர்ந்த கதை

சந்தாவும் கட்டி, சத்தியமும் செய்துகொடுத்து, ஊரான் வீட்டுக் கக்கூஸ் கழுவப் போனவன் இந்த மொன்ட்ரியால் தீவிலேயே ஒருவன்தான். அவன் எங்கள் பிரதர். அப்படி இன்னொருவன் இனிப் பிறக்கப்போவதில்லை.

மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவனும் தாயும், இரண்டாம் மாடியில் நான். அவனுக்குத் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஆளைப் பார்த்தால் ஆறடி, கதையைக் கேட்டால் ஆறு வயது. காலையில் நான் வேலைக்கும் அவன் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே பஸ்ஸில் போவோம். அவன் முதலாம் வருடம் தொடங்கி மூன்று கிழமைகூட ஆகவில்லை. ஒருநாள் பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாக அறிவித்தான்.

"அக்கா, நான் ஃபிரெட்டேர்னிட்டியில சேர்ந்திட்டன்."

அதாவது மாணவர்களின் சகோதரச் சங்கம். வாசலில் மூன்று கிரேக்க எழுத்து, உள்ளே நாற்பது தடியன்கள். அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அது இரகசியம் அக்கா" என்றான். அவனுக்கே இன்னும் சொல்லவில்லை என்பது பேந்துதான் தெரிந்தது.

அன்றிலிருந்து மெட்ரோ வரும்வரை எனக்குத் தினமும் பிரசங்கம்.

"தலைமைத்துவம் வளரும் அக்கா. பெரிய பெரிய கொம்பனியளில எங்கட ஆக்கள் இருக்கினம், வேலை எடுத்துத் தருவினம். ஒருத்தனுக்கு ஒண்டெண்டால் நாப்பது பேரும் உயிரைக் குடுப்பினம்."

"இப்ப உனக்கு என்ன வேலை தந்திருக்கினம்?"

"புதுசாச் சேர்ந்த ஆக்கள் கக்கூஸ் கழுவவேணும். பணிவு வரும்."

"உயிரைக் குடுக்கிறவை ஒரு பிரஷைப் பிடிக்கமாட்டினமோ?"

"உங்களுக்கு விளங்காது அக்கா."

உண்மைதான், விளங்கவில்லை. வீட்டில் தேத்தண்ணி குடித்த கோப்பையைக்கூட மேசையிலேயே விட்டுவிட்டு எழும்புகிறவன் அவன்.

என்னைவிடப் பிழையாக விளங்கிக்கொண்டவர் அவனுடைய தாய். அன்ரி மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். நான் சைவக்காரி, எனக்கே தெரியும்: அவர்களிடம் பிரதர் என்றால் அங்கி போட்டுக்கொண்டு துறவற சபையில் இருப்பவர். மகனுக்குத் தெரிந்ததோ வீட்டுத் தமிழ், கோயில் தமிழ் தெரியாது. அன்று நான் கறிவேப்பிலை கேட்டு மேலே போயிருந்தேன். எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது.

"அம்மா, நான் பிரதர்ஸோட சேர்ந்திட்டன்."

அன்ரி அகப்பையைக் கீழே வைத்தார். "மாதாவே! எங்கயடா ராசா?"

"ஒரு பெரிய வீடு. எல்லாரும் ஒண்டா இருக்கினம்."

"பொம்பிளையள்?"

"சேர்க்கமாட்டினம்."

"வார்த்தைப்பாடு குடுத்தனியோ?"

அவன் என்னைப் பார்த்து முழித்தான். "சத்தியமடா" என்றேன்.

"ஓம் ஓம், மெழுகுதிரி பிடிச்சுச் சத்தியம் பண்ணினனாங்கள். பெரிய பிரதர் சொல்லுறதை மறுக்கேலாது."

அன்ரி சிலுவை போட்டார், அழுதார், அவன் நெற்றியில் கொஞ்சினார். நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் ஹீட்டர்கூட ஒழுங்காக வேலை செய்யாது. வேறு பொழுதுபோக்குக்கு எங்கே போவது?

ஒரு கிழமைக்குள் அன்ரியின் கோயில் பங்கு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பூசை முடிந்து வரும் பெண்கள் அவனை மறித்து, "பிரதர், என்ர முழங்காலுக்கு மன்றாடுங்கோ" என்றார்கள். "ஐஸ் வையுங்கோ அன்ரி" என்று இவன் மருத்துவம் சொன்னான். என்னிடம் வந்து, "பார்த்தியளோ அக்கா, கோயில்லகூட எங்கட சங்கத்துக்கு என்ன மரியாதை!" என்று பூரித்தான்.

ஒக்டோபரில் மாதாவின் சிலை, அவர்கள் சொல்லில் சுருவம், வீடு வீடாகப் போகும், போகிற வீட்டில் செபமாலை சொல்வார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அன்ரி என் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, உம்மட காரில மாதாவைப் பிரதர்மாற்ற வீட்டுக்குக் கொண்டுபோவமோ? மகனுக்குச் சொல்லேல்லை. திடீரெண்டு போய் நிப்பம்."

"அன்ரி, அது நீங்கள் நினைக்கிற சபை இல்லை" என்றேன்.

"உங்கட சமயத்தில இதுகள் இல்லைத்தானே, உமக்கு விளங்காது" என்று சிரித்தார். அவனுக்கு அடித்துப் பார்த்தேன், போனை எடுக்கவில்லை. முன் சீட்டில் மாதாவுக்கு பெல்ட் போட்டோம். பின்னால் அன்ரியும் செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் இருவரும், மடியில் ஒரு தட்டு ரோல்ஸ்.

கதவைத் திறந்தவன் வெள்ளைக் கட்டில் விரிப்பைத் தோளில் சுற்றியிருந்தான். "அங்கி" என்று ஒரு பெண் பயபக்தியோடு கிசுகிசுத்தார். பழைய ரோமர் வேஷத்தில் பார்ட்டியாம். அவனுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் விரிப்போடு, காது கிழிகிற பாட்டு, குவியலாய் பியர் தகரங்கள். விரிப்புச் சுற்றிய ஒரு பெட்டை மேசைமேல் நின்று ஆடினாள். கிசுகிசுப்பு நின்றுபோனது.

அன்ரி தன் மகனின் ஞானஸ்நானப் பெயரை முழுதாகச் சொல்லிக் கேட்டார். தடியனுக்குத் தெரியவில்லை. உள்ளே திரும்பிக் கேட்டான், அங்கேயும் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் எவனோ, "அட, டாய்லெட்டைத் தேடுறாங்கள்!" என்று இங்கிலிஷில் கத்தினான். அங்கே அவனுக்கு அதுதான் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். அன்ரிக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ரப்பர் கையுறையும் பிரஷுமாக அவன் வந்தான். அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டிருந்தது. தாயைப் பார்த்தான், மாதாவைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். ஒரு மாதமாக நான் பார்த்துப் பார்த்துச் சிரித்த முகம் அது. அன்றைக்கு நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"கையைக் கழுவிப்போட்டு வா. வீட்ட போவம்" என்றார் அன்ரி.

"இன்னும் ஒண்டு கிடக்கு அம்மா. செய்யிறன் எண்டு சொன்னனான். முடிச்சிட்டு வாறன்."

முடித்துவிட்டுத்தான் வந்தான். அதுவரை மாதாவைக் கையில் ஏந்திக்கொண்டு வெளிப்படியில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை பங்கு முழுவதற்கும் முகம் கொடுக்க வேண்டியவர் அன்ரி. கூட வந்த பெண் ஒருவர் மெல்லக் கேட்டார், "அப்ப, தம்பி பிரதர் இல்லையோ?"

ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"இல்லை. அவன் என்ர பிள்ளை. எனக்கு அது காணும்" என்றார் அன்ரி.

திரும்பி வரும்போது நெருக்கியடித்து உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தவனிடம் கேட்டேன், "ஏனடா அதுக்குள்ள போய் விழுந்தனி?"

"வீட்டில கதைக்க ஒருத்தருமில்லை அக்கா. நாப்பது பேர் எண்டாங்கள்."

மிச்ச ரோல்ஸையும் தட்டோடு அவனிடமே கொடுத்துவிடச் சொன்னேன்.

அது நடந்து ஏழெட்டு வருடம். அவனுக்கு இப்போது நல்ல வேலை, தானே தேடியது. கட்டடத்தில் இன்னும் பிரதர் என்றுதான் பெயர். இந்த மாரியில் நான் ஐஸில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு கையால் என் சப்பாத்து நூலோடு மல்லுக்கட்ட, அவன் குனிந்து கட்டிவிட்டான். இவர் உங்களுக்கு யார் என்று நேர்ஸ் கேட்டாள். தம்பி என்றேன். பொய் சொன்ன மாதிரியே எனக்குப் படவில்லை.